சிங்கப்பூரில் பஸ் தாமதத்தை எப்படி அளக்கிறார்கள்?

இருபது நிமிடம் எந்த பஸ்ஸும் வராது. பிறகு ஒரே எண்ணுள்ள இரண்டு பஸ்கள் சேர்ந்தாற்போல் வந்து நிற்கும். நிர்வாகத்தின் ஏட்டில் அன்றைய நடைகள் அத்தனையும் ஓடியிருக்கும். நிறுத்தத்தில் நின்றவர்களின் நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது. அதை ஏட்டில் ஏற்றுவதற்காகச் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014-இல் 22 வழித்தடங்களில் ஒரு நம்பகத்தன்மைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. இதற்கு முன்மாதிரி லண்டன்.

திட்டத்தின் உயிர் 'கூடுதல் காத்திருப்பு நேரம்' என்ற அளவு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் இரண்டிரண்டாக, இருபது நிமிட இடைவெளியில் வந்தால் சராசரி 10 நிமிடம் ஆகிவிடும். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. அந்த மிகுதி 5 நிமிடம்தான் கூடுதல் காத்திருப்பு.

பஸ்கள் சேர்ந்து வருவது பெரும்பாலும் ஓட்டுநரின் குற்றமன்று. சிக்னலிலோ மழையிலோ ஒரு பஸ் சற்றுப் பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்குவதில் இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது. விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். இதைத் தடுக்க, கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது இடைவெளியைக் கவனித்து, பின்வரும் பஸ்ஸைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும், முன்னே நிறுத்தங்களில் நிற்கும் பலருக்காக அந்த ஓரிரு நிமிடத்தைப் பொறுப்பது நியாயம் என்பேன்.

அப்படிக் கவனிக்க ஆள் வைப்பதற்குச் செலவாகும். பஸ்களை இயக்கும் நிறுவனங்கள் அதை ஏன் செய்ய வேண்டும்? இங்கேதான் பணம் வருகிறது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஓர் அடிப்படை அளவு உண்டு. கூடுதல் காத்திருப்பு அதற்குக் கீழே இறங்கினால் ஊக்கத்தொகை, மேலே ஏறினால் அபராதம். 2016 முதல் சிங்கப்பூர் ஒப்பந்த முறைக்கு மாறியது. பஸ்கள் அரசுடையவை, கட்டண வருவாயும் அரசுக்கே; இயக்கும் நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் கிடைக்கும். டிக்கெட் வசூலைப் பற்றிய கவலை நீங்கியதால், நிறுவனத்திடம் சேவைத் தரத்தை மட்டும் கறாராகக் கேட்க முடிகிறது. பஸ் தாமதமானால் பயணியின் கைக்குப் பணம் வராது. இது ஆணையத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு.

மணிக்கு ஓரிரு பஸ்களே ஓடும் தடங்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அங்கே மக்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அதனால் லண்டனில் அத்தகைய தடங்களில், குறித்த நேரத்துக்கு வந்ததா என்றே பார்க்கிறார்கள்.

இந்த அளவில் ஓர் ஓட்டையும் உண்டு. நிரம்பி வழிந்து, யாரையும் ஏற்றாமல் கடந்துபோகும் பஸ்ஸும் இதில் 'வந்த பஸ்'தான். நெரிசலைக் குறைக்கச் சிங்கப்பூருக்குத் தனித் திட்டமே தேவைப்பட்டது: 2012-இல் தொடங்கி, அரசுச் செலவில் 1,000 பஸ்கள் சேர்க்கப்பட்டன.