நாலு டிராயரும் திறந்திருந்தால் அலமாரி ஏன் சாய்கிறது?

பிள்ளைகளின் அறையைப் புதுப்பிக்கக் கிளம்பினால் பெயின்ட், சுவர் ஸ்டிக்கர், படிக்கும் மேசை என்று பட்டியல் நீளும். அதில் ஒரு டிராயர் அலமாரி கட்டாயம் இருக்கும். பிளைவுட்டைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிவந்து, வீட்டிலேயே திருகி முடிக்கக் கூடிய வேலைதான். கனமாக, அசையாமல் நிற்பதால் விழாது என்றுதான் தோன்றும். ஆனால் அது விழுமா விழாதா என்பதை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அலமாரி முன்பக்கம் சாயும்போது அதன் முன் அடி விளிம்பைச் சுற்றித்தான் சுழலும். அந்த விளிம்புக்குப் பின்னால் உள்ள எடை அதைப் பிடித்து நிறுத்துகிறது, முன்னால் உள்ள எடை கவிழ்க்கப் பார்க்கிறது. எடையை விளிம்பிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். பள்ளியில் படித்ததுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 80 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம், நாலு டிராயர். கூடு மட்டும் 23 கிலோ. துணியோடு ஒவ்வொரு டிராயரும் 8 கிலோ. எல்லாம் மூடியிருக்கும்போது மொத்தம் 55 கிலோவும் விளிம்புக்கு 22.5 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பிடித்து நிறுத்தும் திருப்புத்திறன் சுமார் 1,237 கிலோ-செ.மீ. நல்ல பலம்தான்.

இப்போது ஒரு டிராயரை 35 செ.மீ. இழுங்கள். அதன் நடுப்பகுதி விளிம்பைத் தாண்டி 12.5 செ.மீ. முன்னால் வந்துவிடும். நிறுத்தும் பக்கம் 957 ஆகக் குறைகிறது. அதே டிராயரில் 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுப் பிள்ளை ஏறி, மேல் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிற்கட்டும். அதன் எடை விளிம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி விழும். கவிழ்க்கும் பக்கம் 900. அலமாரி தப்பித்தது, ஆனால் மயிரிழையில். பிள்ளை ஒரு குதி குதித்தால் போதும், கணக்கு மாறிவிடும்.

பிள்ளைகள் ஒரு டிராயரோடு நிறுத்துவதில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டு ஆக்கிவிடுவார்கள். நாலும் திறந்திருக்கும்போது நிறுத்தும் பக்கத்தில் மிஞ்சுவது வெறும் 117. எதிரே 900. மூடியிருந்தபோது அலமாரியைத் தாங்கிய அதே துணிமணி, திறந்ததும் கவிழ்க்கும் பக்கம் சேர்ந்துகொள்கிறது. துணியே வைக்காத புது அலமாரியிலும் நிம்மதி இல்லை. காலி டிராயர் 5 கிலோ என்றால், ஒன்றைத் திறந்தாலே நிறுத்தும் பக்கம் 792தான்.

பழைய மர டிராயர்களை ஓரளவுக்கு மேல் இழுத்தால் கழன்று கையில் வந்துவிடும். இப்போது எல்லோரும் போடும் டெலஸ்கோப்பிக் சேனல், அதாவது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் உலோகத் தண்டவாளம், முழு நீளமும் வெளியே வந்து, பிள்ளையின் எடையையும் வளையாமல் தாங்கும். டிராயர் உடையாததால் மொத்த அலமாரியும் சாய்கிறது. நல்ல வேலைப்பாட்டின் பக்கவிளைவு என்றே சொல்ல வேண்டும்.

அழகுக்காக அடியில் சக்கரம் மாட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சக்கரம் முன் விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளியிருந்தால், சுழலும் புள்ளியும் 5 செ.மீ. பின்னால் போகும். ஒரே டிராயர் திறந்த நிலையில் நிறுத்தும் பக்கம் 682, கவிழ்க்கும் பக்கம் 990.

அமெரிக்காவில் இது சட்டம் வரை போயிற்று. அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016-இல் ஐகியா நிறுவனம் 'மால்ம்' வகை உட்பட சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போதிருந்த தர விதி ஒரு டிராயரை மட்டும் திறந்து எடை வைத்துச் சோதித்தது. 2022 டிசம்பரில் வந்த சட்டம் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வரையிலான பிள்ளைகளையும், பல டிராயர்கள் திறந்திருக்கும் நிலையையும், அடியில் கம்பளம் விரித்த தரையையும் கணக்கில் எடுக்கச் சொன்னது.

நம் வீட்டுக்குத் தீர்வு சுவரில் இருக்கிறது. நாலும் திறந்து பிள்ளையும் ஏறிய நிலையில் பற்றாக்குறை 782. தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் அலமாரியைச் சுவரோடு கட்டினால், அந்தக் கட்டு தாங்க வேண்டிய இழுவை 8 கிலோ சொச்சம்தான்! 30 செ.மீ. உயரத்தில் கட்டினால் 26 கிலோ ஆகிவிடும். குதி, உலுக்கலுக்கு மூன்று மடங்கு சேர்த்தாலும், மேலே போட்ட இரண்டு நல்ல திருகு தாராளமாகத் தாங்கும்.

'நல்ல' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. செங்கல் சுவரில் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை வெறும் பூச்சு. அதிலேயே நின்றுவிடும் சின்ன பிளக் (திருகுக்காகச் சுவர்த் துளையில் செருகும் உறை) ஒரு இழுப்புக்கே பூச்சோடு பெயர்ந்து வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீள பிளக் வேண்டும். திருகு உள்ளே போகும்போது பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்தும். அந்த அழுத்தம் தரும் உராய்வுதான் பிடி. துளை பெரிதாகிவிட்டால் பிடி போயிற்று. ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், வைத்துக் கட்டிய சுவர் எளிதில் பொடியும், அதற்கென்று விற்கும் தனி பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

அலமாரிப் பக்கத்திலும் கவனம் தேவை. பின்னால் அடித்த 6 மி.மீ. பலகையில் திருகு நிற்காது. மேல் பலகையிலோ, 18 மி.மீ. பக்கப் பலகையிலோ கிளாம்பை மாட்ட வேண்டும். தரையோரம் ஸ்கர்டிங் டைல்ஸ் இருந்தால் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விழும். அங்கே எல் கிளாம்பை வளைத்து நெளிப்பதை விட, நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து இறுக்குவது மேல்.

வாடகை வீடு, ஆணி கூட அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர் என்றால்? அடித்தட்டின் பின்பக்கத்தில் 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனத்தில் ஒரு கடப்பாக்கல் வைக்கலாம். சுமார் 20 கிலோ எடை இருக்கும், நிறுத்தும் பக்கம் 650 கூடும். அப்படியும் நாலு டிராயரும் முழுதாகத் திறந்தால் 130 போல இடிக்கிறது. கூடவே ஒவ்வொரு டிராயரும் 20 செ.மீ.-க்கு மேல் வராதபடி உள்ளே ஒரு தடுப்புக் கட்டை அடித்துவிடுங்கள். இப்போது நிறுத்தும் பக்கம் 1,247, பிள்ளையின் பக்கம் 630. அடியில் கிடக்கும் சட்டையை எடுக்கக் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.