ஒட்சியேற்றமா, ஒட்சிசனூட்டமா?

தாதியர் பயிற்சியில் இருக்கும் என் பெறாமகள் தன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். தலைப்பு: "சுவாசக் கோளாறுள்ள நோயாளியின் ஒட்சியேற்றத்தைப் பேணல்". வருசக்கணக்காக இரசாயனம் படிப்பித்தவன் நான். "பிள்ளை, இதைப் பேணினால் ஆள் தப்பாது" என்றேன்.

எங்கள் பாடப்புத்தகத்தில் ஒட்சியேற்றம் என்றால் இலத்திரனை இழப்பது. கடற்கரை வீட்டுக் கேற் துருப்பிடிக்கிறதே, அது ஒட்சியேற்றம். குருதியில் நடக்க வேண்டியது வேறு. குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நாலு இரும்பு அயன்கள். நுரையீரலில் ஆளுக்கொரு ஒட்சிசன் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு போய், இழையங்களில் இறக்கிவிட வேண்டும். இறக்கியபின் இரும்பு பழையபடியே இரண்டு நேரேற்றத்தோடு இருக்க வேண்டும். உண்மையாகவே ஒட்சியேறி மூன்றானால் அது மெதீமோகுளோபின். ஒட்சிசனைச் சுமக்காது, குருதியும் சொக்கிலேற் நிறமாகும். அதாவது கொப்பித் தலைப்பு நோயாளிக்குத் துருப்பிடிக்க வைக்கச் சொல்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல்: துருவேறுவது oxidation, குருதிக்கு ஒட்சிசன் சேர்வது oxygenation. தமிழில் இரண்டும் 'ஏற்றம்' ஆனதால் வந்த வினை. அப்ப 'ஒட்சிசனேற்றம்' என்று மாற்றினால் போதாதோ? போதாது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஆக்சிஜனேற்றம் என்பதே இந்தத் துருவேறும் தாக்கத்தின் பெயர். பாக்குநீரிணையைக் கடந்தவுடன் குழப்பம் திரும்ப வரும்.

ஒட்சிசன் என்ற சொல்லே ஒரு பிழையிலிருந்து பிறந்ததுதான். 1777இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே கிரேக்கத்திலிருந்து எடுத்த பெயர், 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். அமிலம் எல்லாவற்றிலும் இது உண்டென்று நம்பினார். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசனே இல்லை என்று 1810இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் டேவி காட்டியபோது பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பரீக்ஷை எங்களிடம் பரீட்சை ஆனதுபோல, 'ஒக்ஸிஜன்' என்பதிலுள்ள 'க்ஸி'யும் 'ட்சி' ஆகி ஒட்சிசன் வந்தது. தமிழ்நாட்டார் சிரிப்பார்கள், எனக்கு ஆக்சிஜனைவிட இது நாக்குக்கு இதம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனும் 1875இல் வந்த தன் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதான் பெயர் வைத்தார்.

ஒட்சிசனுக்குச் சிலர் சொல்லும் பிராணவாயு என்பது சித்தவைத்தியத்தின் பத்து வாயுக்களில் ஒன்று; உடம்புக்குள் நடக்கும் மூச்சின் இயக்கம், சிலிண்டரில் அடைத்த வாயு அல்ல. உயிர்வளி நல்ல சொல், ஆனால் வார்ட்டில் கேட்டதில்லை.

என் தெரிவு ஒட்சிசனூட்டம். ஊட்டுதல், எங்கள் வீட்டுப் பேச்சில் தீத்துதல். தீத்துகிறவள் பிள்ளையின் வாயையும் வயிற்றையும் பார்த்துத்தான் அடுத்த கவளம் எடுப்பாள். தாதி என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்றும் பாலூட்டி வளர்ப்பவள் என்பதே.

கட்டிலடியில் இதன் பொருள் இன்னும் தெளிவு. நாற்பது வருசம் சுருட்டுக் குடித்த ஐயா ஒருவர் "முட்டுது மிஸி, படுக்கேலாது" என்கிறார். முதல் வேலை, தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி இருத்துவது. மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவது, உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்பது. விரலில் கிளிப் மாட்டினால் ஒட்சிசன் நிரம்பல் (சச்சுரேசன்), அதாவது ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் பங்கு, 86 வீதம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அந்த எண்ணைப் பிழையாக்கும். மூக்குக் குழாயால் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். சற்று நேரத்தில் 90. பக்கத்தில் நிற்கும் மகன் "ஏன் நூறு வரேல்லை? கூட்டி விடுங்கோ" என்கிறான். பெரும்பாலானோருக்கு 94 முதல் 98 இலக்கு. இவரைப்போல நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களில் காபனீரொட்சைட்டு தேங்கும் ஆபத்து உண்டென்றால் 88 முதல் 92. ஒட்சிசனைக் கண்டபடி கூட்டினால் காபனீரொட்சைட்டு தேங்கி ஆள் மயக்கத்துக்குப் போகலாம். ஏற்றம் என்றால் மேலே மேலே என்றுதான் தோன்றும். ஊட்டம் என்றால் அளவும் கூடவே வரும்.

பெறாமகள் தலைப்பை வெட்டி 'ஒட்சிசனூட்டம்' என்று எழுதினாள். பிறகு பேனையைக் கடித்தபடி, "பெரியப்பா, வார்ட்டிலை எல்லாரும் சச்சுரேசன் எவ்வளவு எண்டுதான் கேக்கினம்" என்றாள்.