ஹெல்த் கேப்பிடல்: நலமுதல்

மக்களின் உடல்நலத்தையும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியையும் சேர்த்துப் பேசுகிற இடங்களில் ‘ஹெல்த் கேப்பிடல்’ என்ற சொல் வரும். தமிழில் ‘சுகாதார மூலதனம்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நிதிநிலை அறிக்கையில் ‘மூலதனச் செலவு’ என்றால் கட்டடமும் கருவிகளும். ‘சுகாதாரம்’ என்றதும் அரசுத் துறையும் துப்புரவும் மனத்தில் வரும். இரண்டையும் சேர்த்தால் மருத்துவமனை கட்ட ஒதுக்கிய பணம் என்றுதான் படும். ஆங்கிலச் சொல் குறிப்பதோ, ஒருவர் தம் உடம்பிலேயே வைத்திருக்கும் இருப்பை.

‘கேப்பிடல்’ இலத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்கால இலத்தீனில் அது சொத்தைக் குறித்தது. கால்நடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டில்’ அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் மொழியிலும் ‘மாடு’ என்றால் செல்வம். ‘மாடல்ல மற்றை யவை’ என்பது 400ஆம் குறள். ஆளுக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்கிடும் ‘பெர் கேப்பிட்டா’விலும் இருப்பது அதே தலை. ‘ஹெல்த்’ முழுமையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வடமொழி வழி வந்த ‘ஆரோக்கியம்’ நோயின்மையை மட்டும் சொல்கிறது. ‘நலம்’ அதைவிட நிறைவான சொல்.

1961இல் பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ் மனித மூலதனம் பற்றி எழுதியபோது, மனிதர்களின் திறனைக் கூட்டும் செலவுகளின் பட்டியலில் உடல்நலத்தையே முதலில் வைத்தார். நலத்தைத் தனி மூலதனமாகப் பிரித்துக் காட்டியவர் இன்னொரு பொருளியலாளர் மைக்கேல் கிராஸ்மன், 1972இல். பிறக்கும்போது ஓர் இருப்போடு வருகிறோம். வயது ஏற ஏற அது தேய்கிறது. உணவு, உடற்பயிற்சி, மருத்துவம் எல்லாம் அதில் போடும் முதலீடு. இருப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால் மரணம். கல்வி, உழைக்கும் ஒரு மணி நேரத்தின் மதிப்பைக் கூட்டும். நலமோ, எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்பதையே முடிவுசெய்யும். இந்த வேறுபாடுதான் அவர் வாதத்தின் உயிர்.

நாட்டளவில் இதற்குத் தெளிவான சான்று கொக்கிப்புழு ஒழிப்பு. 1910 வாக்கில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பள்ளி வயதுக் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் குடலில் இந்தப் புழு இருந்தது. அது உறிஞ்சுவது இரத்தம். குழந்தையிடம் மிஞ்சுவது சோகையும் சோர்வும். அமெரிக்கச் செல்வந்தர் ராக்பெல்லரின் நிதியில் சிகிச்சை இயக்கம் நடந்தது. புழு அதிகமாக இருந்த வட்டாரங்களில் பள்ளி வருகையும் படிப்பும் கூடின; அந்தக் குழந்தைகள் வளர்ந்து கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பின்னாளில் பொருளியலாளர் ஹாய்ட் பிளீக்லி கணக்கிட்டுக் காட்டினார். புழுவை நீக்கியதற்கு இத்தனை காலம் கழித்து வருமானத்தில் பலன் தெரிந்தது என்பது என்னை இன்னும் நெகிழ வைக்கிறது. பிரிட்டனில் 1790 முதல் 1980 வரை ஏற்பட்ட தலைவீத வருமான வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சதவீதம் உணவும் நலமும் மேம்பட்டதால் வந்தது என்பது பொருளியல் வரலாற்றாளர் ராபர்ட் ஃபோகலின் மதிப்பீடு.

இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை. வணிகத்தில் ‘போட்ட முதல்’, ‘கைமுதல்’ என்கிறோம். ‘முதலுக்கே மோசம்’ என்று பதறுகிறோம். முதல் என்றாலே தொடக்கமும் அடிப்படையும் கூடவே வந்துவிடுகின்றன. எனவே ‘நலமுதல்’. அது குறைவது ‘நலத்தேய்மானம்’. ஒரு சமுதாயம் முழுவதற்கும் ‘மக்கள் நலமுதல்’.

ஆனால் சராசரி ஆயுள் உயர்வதை மட்டும் வைத்து இந்தச் சொல்லை எழுதிவிடக் கூடாது. ஆயுள் கூடிய நாடுகளில் மக்கள்தொகையும் பெருகியதால் தலைவீத வருமானம் அதற்கேற்ப உயரவில்லை என்று பொருளியலாளர்கள் அசெமோகுலுவும் ஜான்சனும் 2007இல் வாதிட்டார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. நலமுதல் கூடியது என்று எழுத, குழந்தைகளின் சோகை குறைந்ததா, நோயில் கழியும் நாட்கள் குறைந்தனவா என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.