பிரிக்காத மாத்திரை அட்டை

போன வாரம் வந்த பெண்ணுக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். நாக்கு வெளிறியிருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் அங்கேயும் ரத்த ஓட்டமே தெரியவில்லை. பத்துப் படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7.1. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 வேண்டும். "இரும்புச்சத்து மாத்திரை போடுறியாம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்த மாமியார், தாய் சேய் நல அட்டையை எடுக்கப் பையைத் திறந்தபோது ஏழெட்டு மாத்திரை அட்டைகளும் சேர்ந்து மேசையில் விழுந்தன. ஒரே ஒரு அட்டையில் மட்டும் இரண்டு மாத்திரை குறைந்திருந்தது. மற்றதெல்லாம் நர்சம்மா கொடுத்த நாளில் இருந்தபடியே இருந்தன. அதே பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நாலைந்து இழை குங்குமப்பூ மிச்சம் இருந்தது.

"ரெண்டு நாள் போட்டா டாக்டரம்மா. வெளிய போறதே கருப்பாப் போச்சு. புள்ளையும் கருத்துடும்னு நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

பிரசவம் பார்க்க வந்து இருபது வருடம் ஆகிறது. இந்த வார்த்தையைக் கேட்காத மாதம் இல்லை. குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் ரத்தமே இல்லாமல் பிரசவ அறைக்குள் வருகிறாள். பிரசவத்தில் எல்லாருக்கும்தான் ரத்தம் போகும். 11 இருப்பவள் அரை லிட்டர் போனாலும் தாங்கிக்கொள்வாள். 7 இருப்பவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. குழந்தையும் எடை குறைவாக, மாதம் நிறையாமல் பிறக்க வாய்ப்பு அதிகம்.

மலம் ஏன் கருக்கிறது? நாம் விழுங்கும் இரும்பில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மீதி குடல் வழியே வெளியே போகும், போகும்போது கருப்பாகப் போகும். அவ்வளவுதான். குடல் வேறு, கர்ப்பப்பை வேறு. அந்தக் கருப்பு குழந்தை பக்கமே எட்டிப் பார்க்காது. கருப்புத் திராட்சை, நாவல்பழம், காபி சாப்பிட்டால் பிள்ளை கருத்துவிடுமா என்று கேட்டாலும் இதே பதில்தான்.

இப்போது, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்பிக் குடிக்கும் குங்குமப்பூ. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதை விடுவதாக இல்லை.

பெரும்பாலான வீடுகளில் ஐந்தாம் மாதம் குங்குமப்பூப் பால் தொடங்குகிறார்கள். குழந்தையின் நிறத்துக்கான மரபணுக்களோ, கரு உருவான அன்றே முடிவாகிவிட்டன. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. தீட்டு தள்ளிப்போனது தெரிவதற்கும் முன்னாலேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தாய் எதைக் குடித்தாலும் அந்த மரபணு மாறாது. குங்குமப்பூ பாலில் விடும் மஞ்சள் நிறம் வயிற்றில் செரித்து உடைந்துபோகும். அது குழந்தையின் தோலுக்குப் போய்ச் சேர வழியில்லை. போய்ச் சேர்ந்தாலும் தோலின் நிறம் அந்தச் சாயத்தால் வருவதில்லை. தோலில் இருக்கும் மெலனோசைட் என்ற செல்கள் மெலனின் என்ற நிறமியைச் செய்கின்றன, நிறம் அதனால்தான் வருகிறது. கருப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் எவ்வளவு, எந்த வகை, எப்படிப் பரவி நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

"எங்க அக்கா குடிச்சாங்க டாக்டர், புள்ள நல்ல செவப்பு." சரி. அக்காவும் மாமாவும் எந்த நிறம்? அவர்களைப் பெற்றவர்கள்? அதே பாலைக் குடித்தும் மாநிறமாகப் பிறந்த குழந்தைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரசவ வார்டில் வரிசையாக இருபது படுக்கை பார்க்கிற எனக்குத் தெரியும், குடித்தவர்கள் பக்கமும் எல்லா நிறமும் உண்டு.

ஆசைக்கு ஒன்றிரண்டு இழை பாலில் போட்டுக் குடித்தால் கெடுதல் இல்லை. கிராம் கிராமாகச் சாப்பிடுவது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. என் வருத்தம் வேறு. கிராமுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற வீட்டில், அந்தப் பெண்ணுக்குத் தினம் ஒரு முட்டை இல்லை. அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த இரும்பு டானிக் அலமாரியில் அப்படியே நிற்கிறது. இன்னொன்று: மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் அந்த இரும்பும் சரியாக உடம்பில் சேராது. குங்குமப்பூப் பால் குடித்த கையோடு மாத்திரை போடுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரபு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் புளியங்கொட்டையைச் சொல்வேன். தாயம் ஆட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைப்போமே, அதுபோலப் பத்துக் கொட்டையைக் கையில் அள்ளி வீசுங்கள். ஒரு தடவை நாலு வெள்ளை விழும், இன்னொரு தடவை ஆறு, எப்போதாவது ஒன்பது. தோல் நிறமும் ஒரே மரபணு தீர்மானிக்கும் விஷயம் இல்லை, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் வருவது. மாநிறமான அம்மா அப்பாவுக்கு நான்கு பிள்ளை பிறந்தால் நான்கும் நான்கு நிறமாக இருக்கலாம். ஒன்று இருவரையும்விடச் சிவப்பாக, ஒன்று இருவரையும்விடக் கருப்பாக. பெரும்பாலும் நடுவில்தான் விழும், எப்போதாவது ஓரத்தில் விழும்.

இந்த மரபணுக்களில் பெரிய பங்குள்ள ஒன்று, எஸ்எல்சி24ஏ5. வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனில், கோடுகள் வெளுத்த ஒரு வகையை ஆராய்ந்தபோது 2005-ல் இதன் வேலை தெரியவந்தது. நிறத்தைக் குறைக்கும் இதன் மாற்று வடிவம் ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. அதே வடிவம் நம் நாட்டின் பல சமூகங்களிலும் கூடக்குறைய இருக்கிறது, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஒரே தெருவில், ஒரே வீட்டில் இத்தனை நிறம் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கண்ணும் அப்படித்தான். பழுப்பு ஓங்கு பண்பு (ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்), நீலம் ஒடுங்கு பண்பு (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு பலர் வாதாட வருகிறார்கள். அது 1907-ல் டேவன்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி எழுதிய காலத்துக் கணக்கு. 15-வது குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் வேறு பலவும் சேர்ந்துதான் கண்ணின் நிறம் அமைகிறது. நீலக் கண்ணில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. மெலனின் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நமக்கு நீலமாகத் தெரிகிறது. கருவிழி உள்ள பெற்றோருக்குப் பூனைக்கண் குழந்தை பிறக்கலாம், தாத்தா பாட்டி வழியில் மறைந்து வந்திருக்கும். பிறந்தவுடன் சாம்பல் கலந்தாற்போல் இருக்கும் கண்ணின் நிறம் நிலைக்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பூனைக்கண் என்றால் கருமணியைச் சுற்றியுள்ள வட்டம் வெளிர் நிறமாக இருப்பது. நடுவில் இருக்கும் கருமணியே வெள்ளையாக மின்னினால், போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது பூனைக்கண் இல்லை. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். "பாட்டிக்கும் பூனைக்கண்தான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். அதேபோல நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பளீர் நீலக் கண்ணும், முன்நெற்றியில் வெள்ளை முடிக்கற்றையும் இருந்தால் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். வார்டன்பர்க் என்ற பிறவிக் குறைபாட்டில் இந்த நிறமும் காது கேளாமையும் சேர்ந்து வரும். அழகான கண் என்று கொஞ்சிக்கொண்டே இரண்டு வயது வரை விட்டால், பேச்சு வருவதற்கான காலம் கைநழுவிப் போகும்.

தோலும் முடியும் முழுக்க வெளுத்து, கண் ஆடிக்கொண்டே, வெளிச்சத்துக்குக் கூசினால் அது அல்பினிசம். பெற்றோர் இருவரும் பார்க்கச் சாதாரணமாக இருந்து, அந்த மரபணுவை ஆளுக்கொன்று சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் முடித்த கல்யாணங்களில் இந்த வாய்ப்புக் கூடுகிறது. அந்தத் தாயை "கிரகணத்துல வெளிய போனியா" என்று கேட்டு அழவைக்காதீர்கள்.

பிறந்த குழந்தையைப் பற்றி. "பொறந்தப்ப செக்கச்செவேல்னு இருந்தா, இப்ப கருத்துக்கிட்டே வர்றா" என்று பத்தாம் நாள் வருகிறார்கள். பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, அடியில் ஓடும் ரத்தம் அப்படியே தெரியும். அந்தச் சிவப்பு ரத்தத்தின் சிவப்பு. நம் ஊரில் வெளுப்பையும் சிவப்பு என்றே சொல்வதால் இரண்டும் குழம்பிப்போகிறது. மெலனின் முழுதாக ஊற வாரங்கள், மாதங்கள் ஆகும். காது மடலையும் நகக்கண் ஓரத்தையும் பார்த்தால் கொஞ்சம் ஊகிக்கலாம், ஆனால் அதைப் பார்த்து என்ன செய்யப்போகிறோம்? புட்டத்தில் நீலத் திட்டு இருந்தால் அடிபட்ட காயமும் இல்லை, யார் கையும் பட்டதில்லை. பெரும்பாலும் சில வருடங்களில் மங்கிவிடும்.

பயத்தமாவு, கடலைமாவு வைத்துத் தேய்ப்பதை நிறுத்துங்கள். கழுத்து மடிப்பில் தோல் உரிந்து, சீழ் வைத்து வந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டாதீர்கள். பிறந்த முதல் இரண்டு வாரம் மஞ்சள் காமாலை வருகிறதா என்று நாங்கள் தோலைப் பார்த்துத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். மாநிறக் குழந்தைகளில் அது தெரிவதே கடினம், அதன் மேல் மஞ்சளையும் பூசினால் எப்படிக் கண்டுபிடிப்பது? மெடிக்கலில் கேட்டு வாங்கும் "கலர் கிரீம்" எதையும் குழந்தை மேல் வைக்கக் கூடாது. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், மருந்து நேராக ரத்தத்தில் போகும், முகம் ஊதும், வளர்ச்சி நிற்கும். பெரியவர்களும் கேளுங்கள்: 2021 முதல் 2023 வரை கேரளத்தில் சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கி வந்தவர்களில் பலர் வெளுப்பூட்டும் கிரீம் பூசியவர்கள். கிரீம்களைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது.

கடைசியாக, சொல்லவே கூசுகிற ஒன்று. குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இது எப்படி டாக்டர் என் கலரா இல்ல, டெஸ்ட் எடுக்கலாமா?" என்று ஒரு கணவன் கேட்டிருக்கிறான். உள்ளே அவள் தையல் போட்ட வலியோடு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிறத்தை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது. புளியங்கொட்டைக் கதையை அவனுக்கும் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டு, அவனைவிடக் கருப்பாக இருந்த தாத்தாவைப் பற்றிச் சொல்லவைத்த பிறகுதான் உள்ளே போனான்.

முதலில் சொன்ன எட்டு மாதப் பெண்ணுக்கு டிரிப்ஸ் வழியே இரும்பு ஏற்றுகிறோம். இரண்டாவது ஊசி முடிந்திருக்கிறது, நாக்கில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. மாமியாரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு வேண்டாம். குமட்டினால், மலச்சிக்கல் வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். அடுத்த செக்கப்புக்கு வரும்போது மாத்திரை அட்டைகளைக் கொண்டுவாருங்கள். காலி அட்டைகளை.