கையைத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள், சார்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளியில் ஒருநாள் ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடும்) செஸ் போட்டி. 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் நான்காவது ரவுண்டு முடிந்ததும், அடுத்து யார் யாரோடு ஆட வேண்டும் என்ற பேரிங் ஷீட்டைச் சுவரில் ஒட்டுவதற்காக எங்கள் இளைய ஆர்பிட்டர் (நடுவர்) வெளியே போனார். 22 வயதுப் பெண். ஆர்பிட்டர் தேர்வில் பாஸ் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. போனவர் திரும்பவில்லையே என்று நான் எட்டிப்பார்த்தால், அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். நடுவில் ஒரு அப்பா, ஒரு கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. "செஸ் தெரியுமா உனக்கு? அந்தப் பையன் வீட்டுல எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய எட்டு வயது மகன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

பரிசளிப்பு முடிவதற்குள் அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க சார்" என்று இரவு மெசேஜ் வந்தது. எனக்குத் தெரிந்து இந்த வருடம் இப்படி விலகிய மூன்றாவது ஆள் இவர்.

2006லிருந்து நான் ஆர்பிட்டர் வேலையைச் செய்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகும் சின்னப் பிள்ளைகளின் கூட்டம் எங்கள் போட்டிகளில் அதிகமாகிக்கொண்டே போகிறது. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆர்பிட்டர்கள் அதே வேகத்தில் கூடவில்லை. 25, 30 போர்டுகளுக்கு ஒருவர் என்று நடந்துகொண்டே இருக்கிறோம்.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். பையன் சொன்னது இது: எதிரில் இருந்தவன் ராணியைத் தொட்டுவிட்டு, அதை விட்டுக் குதிரையை நகர்த்தினான். இவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நகர்வை ஆடினான். கொஞ்ச நேரத்தில் தோற்றான். வெளியே வந்து அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னான். ஹாலுக்குள் காலே வைக்காத அப்பா, "ஆர்பிட்டர் பார்த்துக்கிட்டே விட்டுட்டாங்க" என்று முடிவு செய்துவிட்டார்.

பெற்றோர் தயவுசெய்து இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தொட்ட காயை ஆட வேண்டும் என்பது விதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிராளி அதை மீறினால், நான் என் காயை ஆடுவதற்காகத் தொடும்வரைதான் புகார் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. தொட்டேன் என்றால் அந்த உரிமை போய்விட்டது. அந்த நேரத்தில் நாலு போர்டு தள்ளி நின்ற ஆர்பிட்டர் எதைப் பார்த்திருப்பார்? அரை மணி நேரம் கழித்து ஒரு பிள்ளை "தொட்டான்" என்கிறது, இன்னொரு பிள்ளை "தொடவே இல்லை" என்கிறது. நாங்கள் யாரை நம்புவது?

"என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் சார்." இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நம்புகிறேன். அந்தப் பக்கத்து அம்மாவும் இதையேதான் சொல்கிறார், அவரையும் நம்புகிறேன். ராணிக்கு மேலே கை தயங்கி நின்றதை ஒரு பிள்ளை தொட்டதாகவே பார்த்திருக்கலாம். யோசனையில் விரல் பட்டது இன்னொரு பிள்ளைக்குத் தெரியாமலே போயிருக்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இரண்டு கதை வரும். அதனால்தான், ஆர்பிட்டர் கண்ணால் பார்க்காமல், எதிராளியும் ஒத்துக்கொள்ளாமல், அந்த நிமிடத்தில் புகாரும் வராமல் இருந்தால் ஆட்டத்தின் முடிவு அப்படியே நிற்கும். இதில் யாரும் காசு வாங்கவில்லை.

பெரியவர்கள் ஆட்டத்திலும் இதுதான். 1994இல் ஸ்பெயினின் லினாரஸில் நடந்த போட்டியில் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஒரு கட்டத்தில் குதிரையை வைத்து விரலை எடுத்துவிட்டு, பிறகு அதையே வேறு கட்டத்துக்கு மாற்றினார். எதிரே ஹங்கேரியின் 17 வயது வீராங்கனை ஜூடித் போல்கர். அவர் அப்போது புகார் செய்யவில்லை. கால் விநாடி விரல் விலகியிருந்ததை வீடியோ பிற்பாடு காட்டியது. முடிவு மாறவில்லை, காஸ்பரோவ் வென்றது வென்றதுதான். 2016இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) அமெரிக்க வீரர் நாகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டு, ஆடுவதற்காக இல்லை, கட்டத்தில் சரியாக வைப்பதற்காகத்தான் என்று சொன்னார். எதிரே இருந்த அரோனியன் அந்த இடத்திலேயே ஆட்சேபித்தார். ஆர்பிட்டர் வந்தார், நாகமுரா ராஜாவைத்தான் ஆட வேண்டியதாயிற்று, தோற்றார். போர்டில் உட்கார்ந்தபடியே கேட்டவருக்கு நியாயம் கிடைத்தது. உங்கள் பிள்ளைக்கும் அங்கேதான் கிடைக்கும், பள்ளி கேட்டுக்கு வெளியே கிடைக்காது.

ரேபிட்டில் இன்னொன்றும் உண்டு. செக்கில் இருக்கும் ராஜாவை அப்படியே விட்டு எதிராளி வேறு காயை ஆடிவிட்டான் என்றால், உங்கள் பிள்ளை அடுத்த நகர்வை ஆடும் முன் சொல்ல வேண்டும். சொன்னால் 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே உங்களுக்கு. சொல்லாமல் ஆடிவிட்டால், ஆடுகிற இரண்டு பேருமே ஒத்துக்கொண்டால் ஒழிய நான் அதைத் திருத்த முடியாது. பேரிங்கையும் நாங்கள் கையால் போடுவதில்லை. ஸ்விஸ் முறையில் கிட்டத்தட்ட ஒரே புள்ளி உள்ளவர்களை சாஃப்ட்வேர்தான் சேர்க்கிறது. "வேணும்னே டாப் சீடோட போட்டுட்டீங்க" என்று எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள்.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. தோற்றுவிட்டு வெளியே வருகிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அது முதலில் அப்பா முகத்தைத்தான் பார்க்கும். அங்கே கோபம் தெரிந்தால் உடனே ஒரு காரணம் தேடும். "அவன் தொட்டான்", "ஆர்பிட்டர் கவனிக்கல." தோற்றேன் என்று சொல்லப் பயந்து கதை சொன்ன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டு "கண்ணா, நிஜமா என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை வந்துவிடும். அதற்குள் வெளியே அப்பா வீடியோவை மூன்று வாட்ஸப் குரூப்பில் போட்டிருப்பார்.

அதனால் வீட்டிலேயே பழக்குங்கள். ஏதாவது தப்பு நடந்தால் எந்தக் காயையும் தொடாதே, கிளாக்கை நிறுத்து, கையைத் தூக்கு, ஆர்பிட்டரைச் சத்தமாகக் கூப்பிடு. இதை அம்மாவோடு பத்து முறை விளையாடிப் பார்க்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஓப்பனிங் சொல்லிக்கொடுப்பதைவிட இது அவசரம். ஆட்டம் முடிந்ததும் ரிசல்ட் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் தண்ணீர் கொடுங்கள், இட்லியோ பிஸ்கட்டோ கொடுங்கள். பத்து நிமிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நிஜமாகவே குறை இருந்தால் சீஃப் ஆர்பிட்டரிடம் வாருங்கள். அப்பீலுக்கு வழி என்ன, கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்குள் தர வேண்டும் என்று பிராஸ்பெக்டஸை (போட்டி விதிகள் உள்ள அறிவிப்பை) பார்த்து எழுதிக்கொடுங்கள். சுவரில் காகிதம் ஒட்ட வந்த பெண்ணை மறிக்காதீர்கள். காசு வாங்கினாயா என்று கேட்பது விமர்சனம் இல்லை, அவமானப்படுத்துவது.

புதிய ஆர்பிட்டர்களுக்கு: கேட்டருகே நின்று ஆட்டத்தை விளக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் விளக்குவீர்கள், ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். "சீஃப் ஆர்பிட்டரைப் பாருங்க சார்" என்ற ஒரு வாக்கியம் போதும். என்ன நடந்தது, எந்த போர்டு, எத்தனை மணி என்று அப்போதே குறித்துவையுங்கள். அன்றைக்கு இரவு அந்த வாட்ஸப் குரூப்புகளைத் திறக்காதீர்கள். அதற்குப் பதில் சீனியர் யாருக்காவது போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் சரி.

போட்டி நடத்துகிறவர்கள் பேரிங்கை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துணைக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். ஹாலுக்கும் பெற்றோருக்கும் நடுவே கயிறு கட்டுங்கள். ஆட்டத்தில் தலையிடுகிற பார்வையாளரை வெளியேற்ற விதி இடம் கொடுக்கிறது. முதல் ரவுண்டுக்கு முன்பே மைக்கில் அதைச் சொல்லுங்கள், சொன்னபடி ஒருமுறையாவது செய்யுங்கள். போன ஞாயிறு நான் அதைச் செய்யவில்லை. சமாதானம் பேசி அனுப்பிவைத்தேன். அந்த அப்பாவை அப்போதே வளாகத்துக்கு வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

இதை அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். வருகிற ஞாயிறு என் பக்கத்திலேயே இருந்தால் போதும், வெளி வேலை எதுவும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.