படகோடு ஆரியங்காவு தாண்டும் முன்: ட்ரைலர், படகு, கூடாரம் மூன்றுக்கும் விதி வேறு

செங்கோட்டையிலிருந்து கொல்லம் நூறு கிலோமீட்டருக்குள்தான். புளியரை தாண்டி, கோட்டவாசல் வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக இறங்கினால் அஷ்டமுடிக் காயல் வந்துவிடும். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் சின்னப் படகை மாட்டி, காயலோரம் இரண்டு ராத்திரி கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று எங்கள் பக்கத்தில் சிலர் கேட்கிறார்கள். கூடவே எல்லோரும் கேட்பது, "இதுக்கு பர்மிட் எங்கே வாங்கணும்?"

ஒரே பர்மிட் என்று ஒன்று கிடையாது. ரோட்டில் இருக்கும்வரை, படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துவரும் உங்கள் ட்ரைலர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வரும். தண்ணீரில் இறங்கியதும் படகுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம். கரையில் கூடாரம் அடித்தால், அந்த நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. ஓர் அலுவலகத்தில் வாங்கிய தாள் அடுத்த அலுவலகத்தில் செல்லாது.

பலரும் முதலில் படகை வாங்கிவிட்டு, எங்கே ஓட்டலாம் என்று பிறகு தேடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள். எல்லையோரத்தில் பார்க்க அழகாக இருக்கும் நீர்ப்பரப்பில் பெரும்பகுதி காட்டுக்குள் இருக்கிறது. தேக்கடி ஏரி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். தென்மலை அணையின் நீர் செந்துருணி சரணாலயத்துக்குள். நெய்யாறும் அப்படியே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே வனத்துறையோ சுற்றுலாத் துறையோ ஏற்பாடு செய்யும் படகில் டிக்கெட் எடுத்து ஏறலாம், சொந்தப் படகை இறக்க முடியாது. "என்ஜின் இல்லாத துடுப்புப் படகுதானே" என்று சொன்னாலும் நடக்காது, ஏனென்றால் தடை நுழைவதற்கு.

பரம்பிக்குளத்தில் இன்னொரு குழப்பம். ஊர் கேரளாவில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போகும் வழி நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக. அணையை இயக்குவதும் தமிழ்நாடுதான். அதனால் "நம்ம இடம்தானே" என்று நினைத்துப் போகிறவர்கள் இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச்சாவடிகளையும் கடக்க வேண்டியிருக்கும். படகோடு போனால் முதல் சாவடியிலேயே திரும்ப வேண்டியதுதான். ஆந்திர எல்லையில் பழவேற்காடும் இப்படித்தான். ஏரியின் இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கே தடை வந்தது.

அதனால் குடும்பத்தோடு போக நான் சொல்வது அஷ்டமுடி, இல்லையென்றால் வேம்பநாடு. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை ஓடும் நீர்வழி 1993-இல் 3-ஆம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தடத்தில் சரக்குப் படகும் ஹவுஸ்போட்டும் வரும், குறுக்கே நிற்காதீர்கள். நீண்டகரை முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம். அங்கே காயல் கடலோடு சேர்கிறது, நீரோட்டம் சின்னப் படகை இழுத்துவிடும். மீன்பிடி போட்டுகள் போகிற வழியும் அதுதான்.

சரி, தண்ணீர் முடிவாயிற்று. இப்போது ட்ரைலர்.

என் அத்தான் உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து ஆங்கிள், பழைய அச்சு, இரண்டு சக்கரம் வைத்து ஒரு ட்ரைலர் அடித்து வாங்கினார். வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது. எல்லை தாண்டியதும் சோதனையில் நிறுத்தினார்கள். கார் ஆர்சியைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி பின்பக்கம் நடந்து போனார்.

"இதுக்கு ஆர்சி எவிடே?"

"சார், அது வண்டி இல்ல. படகு வைக்கிற ஸ்டாண்டு."

"சக்கரம் உண்டல்லோ சேட்டா."

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே ட்ரைலரும் வருகிறது. அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட், தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். கார் நம்பரை அட்டையில் எழுதிப் பின்னால் தொங்கவிட்டால் பதிவு ஆகிவிடாது. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் அது தனிக் கணக்கு. அன்று அத்தான் அபராதம் கட்டிவிட்டு, படகோடு ஊருக்குத் திரும்பினார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் நீச்சல் உடுப்போடு உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ட்ரைலர் வாங்கும்போது இரண்டு தாளைக் கேட்டு வாங்குங்கள். ஃபார்ம் 21 விற்பனைச் சான்று. ஃபார்ம் 22 தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று. இவற்றை வைத்து ஃபார்ம் 20 எழுதி ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். தயாரிப்பாளர் தாள் இல்லாத பட்டறை ட்ரைலருக்குப் பதிவு வாங்குவது பெரும்பாடு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காருக்கு ஹூக் மாட்டுவதற்கு முன், கார் கம்பெனி எவ்வளவு எடை இழுக்க அனுமதிக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கோட்டவாசல் இறக்கத்தில் பின்னால் இருக்கும் எடை காரைத் தள்ளும்போது இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று புரியும். ஆர்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும். ஒரு வாரச் சுற்றுலாவுக்காக வண்டியைக் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டியதில்லை. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் அந்தப் பேச்சு.

அப்புறம் படகு. இதில் எல்லாம் என்ஜினைப் பொறுத்தது. பின்னால் மாட்டும் சின்ன அவுட்போர்டு என்ஜினாக இருந்தாலும், மாட்டிவிட்டால் அது இயந்திரத்தால் ஓடும் கலம். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலில் சர்வேயர் படகின் உடல், என்ஜின், பாதுகாப்புச் சாமான்களைப் பார்த்துச் சான்று தருவார். பிறகு பதிவு. கேரளாவில் இதைப் பார்ப்பது கேரள மாரிடைம் போர்டின் துறைமுக அலுவலகங்கள். புதிய சட்டத்தில் நமக்கு நன்மை ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்கச் செல்லும், எல்லை தாண்டியதும் மறுபடி பதிய வேண்டாம். பதிவு எண்ணைப் படகின் மேல் தெரியும்படி எழுத வேண்டும். படகுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. துடுப்புப் படகுகளைப் பதியும் வேலையை உள்ளாட்சிகள் மூலம் செய்ய இதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. அதனால் காயலோரப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்குத் துடுப்புப் படகே போதும் என்பது என் எண்ணம்.

சர்வே சான்றில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஓர் எண் இருக்கும். அந்தத் தாளில் எனக்கு முக்கியமானது அதுதான். 2007-இல் தட்டேக்காட்டில் 18 பேர், 2009-இல் தேக்கடியில் 45 பேர், 2023 மே மாதம் தானூரில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். தட்டேக்காட்டிலும் தானூரிலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். தேக்கடியில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். உங்கள் படகுக்கு நான்கு பேர் என்று எழுதியிருந்தால் நான்குதான். கைக்குழந்தையை மடியில் வைத்தாலும் அதுவும் ஓர் ஆள்.

லைப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, உட்காரும் இடத்தில் மடித்து வைக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போடாதீர்கள். போட்டு வார் எல்லாம் இறுக்கியதும், இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிசு, தண்ணீரில் குழந்தை கீழே நழுவிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கூடாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காப்புக் காட்டில் அனுமதியின்றித் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். காயலோரத்தில் வெறுமையாகத் தெரியும் இடமும் யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவரின் தோப்பில் கேட்டுத் தங்குவது நல்லது. ஆனால் கூடாரம் போட அவருக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது, அதன் பிறகு அந்த இடத்தை மாவட்ட நிர்வாகம் மூடியது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கேரளாவில் 2020 ஜனவரியிலிருந்து தடை, அதனால் தட்டு, தம்ளர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரைலர் பதிவு, படகு சர்வே இரண்டையும் கோடை விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை, காயலில் காற்றும் ஏறிவிடும், ஆகவே மே மாதக் கடைசிக்குள் போய்வருவதுபோல் நாள் குறியுங்கள்.