நடக்கும்போது பேசினால் நின்றுவிடுகிறார்களா?

சந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா முட்டிவலிக்காக எங்கள் பிசியோதெரபி அறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் பார்த்தவர். உட்காரவைத்து, "பெங்களூரா மாங்காய் டன் பதினெட்டாயிரம்னா, மூணேகால் டன்னுக்கு எவ்வளவும்மா?" என்றேன். "அம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு" என்று உடனே பதில் வந்தது.

பிறகு நடக்கச் சொல்லி, கூடவே நடந்தபடி இன்னொரு கணக்கு கேட்டேன். சட்டென்று நின்றுவிட்டார். கை சுவரைத் தேடியது. "முப்பதாயிரம் சாமி" என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

"அத்தை எப்பவும் நின்னுதாங்க பேசுவாங்க" என்றார் மருமகள். இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்!

நடை பெரும்பாலும் தானாக ஓடுவது. சிறுமூளையும் தண்டுவடமும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் அதைப் பார்த்துக்கொள்ளும். வயதானாலோ, பக்கவாதம், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்தாலோ, சர்க்கரையால் பாதம் மரத்தாலோ, ஒவ்வொரு அடியையும் மூளையின் முன்பகுதி கவனிக்க வேண்டியதாகிறது. கணக்குப் போடவும் அதே முன்பகுதிதான் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் போதாதபோது கால் நிற்கிறது, அல்லது நிற்காமல் தடுமாறுகிறது. தலையில் தொப்பிபோல் மாட்டும் கருவியால், நடந்துகொண்டே யோசிக்கும்போது அங்கே ரத்த ஓட்டம் மாறுவதை இப்போது அளக்கிறார்கள்.

1997-இல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரைக் கவனித்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நடையை நிறுத்தினார்கள். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை.

வீட்டில் யாராவது இப்படி நின்றால் "நடந்துக்கிட்டே சொல்லேன்" என்று அவசரப்படுத்தாதீர்கள். நிற்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. வாசப்படியிலும் குளியலறையிலும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேள்வி வேண்டாம். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால், நேற்றுவரை நன்றாக நடந்தவருக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது வேறு விஷயம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நடையையும் யோசனையையும் சேர்த்துப் பழக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அந்த அம்மா இப்போது கம்பியைப் பிடித்தபடி செந்தூரா, நீலம், மல்கோவா என்று ரகங்களைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். திரும்பும் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். அதை மாற்றச் சொல்லவில்லை நான்.